இன்னொரு நாட்டு மக்களுக்காக ஒரு சட்டம்: வட கொரியா பற்றி வாசகர் கேள்விகள்

ஒரு நாட்டின் நாடாளுமன்றம், அடக்குமுறையில் சிக்கியிருக்கும் வேறொரு நாட்டு மக்களுக்காகச் சட்டம் போட முடியுமா? போட்டால் அது அங்கே போய்ச் சேருமா? சென்ற இதழில் வட கொரிய அகதிகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டுப் பலர் இதையே வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கடிதங்களிலிருந்து பதினோரு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

அமெரிக்கா வட கொரியாவுக்காக இயற்றிய மனித உரிமைச் சட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? (கல்லூரி மாணவி, மதுரை)

2004 அக்டோபர் 18 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம் அது. பொதுச் சட்டம் 108-333. அயோவா மாநில உறுப்பினர் ஜிம் லீச் பிரதிநிதிகள் சபையில் மசோதாவைக் கொண்டுவந்தார். இரு கட்சியினரும் ஆதரித்தார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தச் சட்டம் வட கொரிய அரசுக்கு எந்த உத்தரவும் போடவில்லை. போட்டாலும் அது செல்லாது. சட்டம் கட்டுப்படுத்துவது அமெரிக்க அரசைத்தான். தூதரக அதிகாரி என்ன செய்யவேண்டும், எந்தக் காரியத்துக்குப் பணம் செலவிடலாம், யாரை அகதியாக ஏற்கலாம், யார் யாருக்கு அறிக்கை தரவேண்டும் என்பவைதான் அதில் இருக்கின்றன.

மூன்று பகுதிகள். முதல் பகுதி உரிமைகளை வளர்ப்பது பற்றியது. மனித உரிமை அமைப்புகளுக்கு உதவி, வானொலி ஒலிபரப்பு, தணிக்கையைத் தாண்டித் தகவல் கொண்டுசேர்ப்பது, வட கொரிய மனித உரிமைக்கென ஒரு சிறப்புத் தூதர் ஆகியவை இதில் வரும். இரண்டாம் பகுதி உணவு முதலிய மனிதாபிமான உதவி பற்றியும், நாட்டைவிட்டு ஓடிவந்தவர்களுக்கு வெளியே தரும் உதவி பற்றியும் பேசுகிறது. மூன்றாம் பகுதி அமெரிக்காவுக்குள் அகதியாக வரும் வழியைத் திறக்கிறது.  மனிதர்களின் வாழ்க்கையை நேரடியாக மாற்றியது அதுதான்.

ஆண்டுக்கு 2 கோடி 40 லட்சம் டாலர் என்று போட்டிருந்தார்களே, அந்தப் பணமெல்லாம் போய்ச் சேர்ந்ததா? (ஓய்வுபெற்ற கருவூல அலுவலர், திருச்சி)

கருவூலத்தில் இருந்த உங்களுக்கு இது எளிதாகப் புரியும். நிர்வாக ஒப்புதல் வந்துவிட்டது என்பதும் நிதி ஒதுக்கீடு வந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல அல்லவா? அமெரிக்காவிலும் அப்படியே. இந்த மாதிரிச் சட்டங்கள் பெரும்பாலும் 'இவ்வளவு வரை செலவிடலாம்' என்ற அனுமதியைத்தான் தருகின்றன. பணம் வரவேண்டுமானால் ஒவ்வோர் ஆண்டும் தனியாக ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறவேண்டும்.

2004 சட்டம் 2005 முதல் 2008 வரை ஆண்டுதோறும் மனித உரிமை, ஜனநாயகத் திட்டங்களுக்கு 20 லட்சம் டாலர், தகவல் சுதந்திரத்துக்கு 20 லட்சம், நாட்டுக்கு வெளியே இருக்கும் வட கொரியர்களுக்கு உதவ 2 கோடி என்று அனுமதித்தது. நீங்கள் சொன்ன கூட்டுத்தொகை அதுதான். ஆனால் அகதிகளுக்கென எழுதப்பட்ட அந்த 2 கோடி தனித் தலைப்பில் வந்து சேரவில்லை. வெளியுறவுத் துறையின் பொதுவான அகதிகள் நிதியிலிருந்துதான் தேவைக்கேற்ப எடுத்துச் செலவிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்படிப்பட்ட சட்டத்தைப் படிக்கும்போது ஒவ்வொரு பிரிவின் வினைச்சொல்லைப் பாருங்கள். 'செய்யவேண்டும்' என்று கட்டளையாக இருந்தால் அது அதிகாரியைக் கட்டும். 'செய்வது நல்லது என்பது காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) கருத்து' என்று இருந்தால் அது கருத்து மட்டுமே, மீறினாலும் யாரும் கேட்கமுடியாது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் கொரிய மொழி ஒலிபரப்பு இருக்கவேண்டும் என்ற வரி 2004 சட்டத்தில் கருத்தாகத்தான் இருக்கிறது. சிறப்புத் தூதரை நியமிப்பது கட்டளையாக இருக்கிறது. செய்தித்தாள்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'சட்டம் சொல்கிறது' என்று எழுதிவிடுகின்றன.

சட்டம் 2008, 2012, 2018 என மூன்று முறை நீட்டிக்கப்பட்டது. 2018-இல் கொடுத்த நீட்டிப்பு 2022-உடன் முடிந்துபோனது. அதனால் சட்டமே செத்துவிட்டது என்று பொருளல்ல. காலாவதியானது பணத்துக்கான அனுமதி மட்டுமே. அகதிகள் பற்றிய பிரிவுக்குக் காலக்கெடு எதுவும் கிடையாது, அது இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

இணையமே இல்லாத நாட்டுக்குள் வானொலி எப்படிப் போகும்? அங்கே ரேடியோவே பூட்டி வைத்திருப்பார்கள் என்கிறார்களே? (வாசகர், நாகர்கோவில்)

பூட்டு என்பது சரியான சொல். வட கொரியாவில் விற்கும் ரேடியோவின் அலைத்தேர்வுக் குமிழ் அரசு நிலையத்தில் நிறுத்தப்பட்டு, உள்ளே பற்றவைக்கப்பட்டிருக்கும். மேலே முத்திரைத்தாள் ஒட்டியிருக்கும். ரேடியோவைப் பதிவு செய்யவேண்டும். முத்திரை கிழிந்திருக்கிறதா என்று சோதிக்க ஆள் வருவார்கள். இது போதாதென்று வீடுகளில் கம்பிவழி ஒலிபெருக்கி ஒன்றும் இருக்கும். அதற்கு அலைவரிசையே கிடையாது, அரசு பேசுவதை மட்டும் பேசும்.

இந்தப் பூட்டு இரண்டு வழியில் உடைகிறது. ஒன்று, கைத்திறன் உள்ளவர் பின்மூடியைக் கழற்றிப் பற்றவைப்பை எடுத்துவிடுகிறார். சோதனை வரும்போது மறுபடி முத்திரை ஒட்டவேண்டியிருக்கும், மாட்டிக்கொள்வதும் அங்கேதான். இன்னொன்று, சீன எல்லையிலிருந்து கடத்தி வரும் உள்ளங்கை அளவு டிரான்சிஸ்டர். 2004 சட்டத்தின் தகவல் சுதந்திரப் பிரிவு இதைக் குறிவைத்தே எழுதப்பட்டது. வெளிநாட்டு ஒலிபரப்பைப் பிடிக்கக்கூடிய ரேடியோக்கள் அங்கே கிடைக்கச் செய்வதற்கும் பணம் செலவிடலாம் என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது.

கேட்பது பெரும்பாலும் இரவில். அதற்குக் காரணம் அச்சம் மட்டுமல்ல. மத்திய அலை இரவில்தான் வெகுதூரம் போகும். சிற்றலையிலும் கீழ்நிலை அலைவரிசைகள் இரவில்தான் நன்றாக எடுபடும். வட கொரிய அரசு அதே அலைவரிசைகளில் இரைச்சலை அனுப்பி மறைக்கப் பார்க்கும். அதனால் ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அலைவரிசைகளில் அனுப்பவேண்டியிருக்கிறது. ஒன்றை மூடினால் இன்னொன்று கேட்கும். இதற்கு ஆகும் மின்செலவும் ஒலிபரப்புக் கருவி வாடகையும்தான் இந்த வேலையின் பெரும்செலவு. தப்பிவந்தவர்கள் சியோலிலிருந்து நடத்தும் சிறு நிலையங்கள்கூட வெளிநாட்டுச் சிற்றலை நிலையங்களில் நேரம் வாங்கித்தான் ஒலிபரப்புகின்றன.

ரேடியோவுக்குப் பிறகு பென்டிரைவும் மெமரி கார்டும் வந்தன. சீனாவில் செய்த 'நோட்டெல்' என்ற கையடக்கப் பெட்டியில் வட்டும் ஓடும், பென்டிரைவும் ஓடும். தட்டில் அரசு அனுமதித்த வட்டு ஒன்றை வைத்துவிட்டுப் பென்டிரைவில் தென் கொரிய நாடகம் பார்ப்பார்கள். கதவு தட்டினால் பென்டிரைவைப் பிடுங்கி மறைத்துவிடலாம். பெட்டி சூடாக இருந்தாலும் தட்டில் இருப்பது அரசு அனுமதித்த வட்டுதான், சந்தேகம் வராது.

இது வேலை செய்கிறது என்பதற்கு வட கொரிய அரசே சாட்சி. 2020 டிசம்பரில் அது 'பிற்போக்குச் சிந்தனை, பண்பாட்டை ஒழிக்கும் சட்டம்' கொண்டுவந்தது. தென் கொரியப் படைப்புகளைப் பார்த்தால் 5 முதல் 15 ஆண்டு வரை சீர்திருத்த உழைப்பு. பரப்பினால் மரண தண்டனை வரை போகலாம். 2023 ஜனவரியில் தென் கொரியச் சாயலில் பேசுவதையே குற்றமாக்கும் மொழிச் சட்டமும் வந்தது. மக்கள் கேட்கவில்லை, பார்க்கவில்லை என்றால் இவ்வளவு கடுமை எதற்கு?

இங்கே மனம் கனக்கும் செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். அமெரிக்க அரசின் பணத்தில் நடக்கும் இரண்டு ஒலிபரப்புகள், அதாவது 1997 முதல் கொரிய மொழியில் பேசிவந்த ரேடியோ ஃபிரீ ஏசியாவும், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவும் 2025 மார்ச்சில் வந்த அமெரிக்க நிர்வாக உத்தரவால் முடங்கின. நள்ளிரவில் போர்வைக்குள் குமிழைத் திருகும் ஒருவருக்கு, அத்தனை ஆண்டு பழகிய குரல் இருந்த இடத்தில் அப்போது வெறும் கரகரப்புதான் கேட்டது. இதற்கு எந்தச் சட்டத்தையும் ரத்து செய்யவேண்டியிருக்கவில்லை.

சட்டம் வந்து இருபது ஆண்டுகளில் அமெரிக்காவுக்கு வந்த வட கொரிய அகதிகள் இருநூற்றுச் சொச்சம் பேர்தானாமே? தென் கொரியாவில் 34,000 பேர். சட்டம் தோல்வி என்றுதானே பொருள்? (ஆசிரியர், தஞ்சாவூர்)

எண்ணிக்கை நீங்கள் சொல்வதுதான். முதல் ஆறு பேர் வந்தது 2006 மே மாதம். அதன்பின் ஆண்டுக்குச் சிலர், சில ஆண்டுகளில் ஒருவர்கூட இல்லை. தோல்வியா என்று முடிவு செய்வதற்கு முன் அந்த வழியைப் பாருங்கள்.

தெற்கு எல்லை கண்ணிவெடி நிலம். ஆகவே தப்புபவர் வடக்கே போகிறார். தூமன் ஆற்றையோ யாலு ஆற்றையோ கடந்து சீனாவுக்குள் நுழைகிறார். சீனா 1951 அகதிகள் உடன்படிக்கையில் 1982-இலேயே சேர்ந்த நாடு. ஆனாலும் இவர்களைப் பிழைப்புத் தேடிவந்த சட்டவிரோதக் குடியேறிகள் என்று சொல்லி, 1986-இல் வட கொரியாவுடன் செய்துகொண்ட எல்லை ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்புகிறது. திருப்பி அனுப்பப்பட்டவருக்கு விசாரணை, அடி, உழைப்பு முகாம். தென் கொரியரையோ பாதிரியாரையோ சந்தித்ததாகத் தெரிந்தால் இன்னும் மோசம். 2023 அக்டோபரில், ஹாங்சோ ஆசிய விளையாட்டு முடிந்த கையோடு நூற்றுக்கணக்கானவர்களைச் சீனா அப்படி அனுப்பியது.

பிடிபடாமல் சீனாவைக் குறுக்கே கடந்தவர் யுன்னான் வழியாக லாவோஸ், அங்கிருந்து மேகாங் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்து. தாய்லாந்தில் அவர்களே காவல் நிலையத்துக்குப் போய் நிற்பார்கள். சட்டவிரோத நுழைவுக்கு நீதிமன்றம் அபராதம் போடும். பிறகு பாங்காக் குடிவரவுத் தடுப்பு மையம். தாய்லாந்து இவர்களை வட கொரியாவுக்கு அனுப்புவதில்லை. எந்த நாடு போக விருப்பம் என்ற கேள்வி அங்கேதான் வருகிறது.

சியோல் என்றால் சில வாரங்களிலோ மாதங்களிலோ விமானம். அங்கே இறங்கியதும் உளவுத்துறை விசாரணை, பிறகு ஹானாவோன் மையத்தில் 12 வாரப் பயிற்சி, குடியுரிமை, வாடகை வீடு, உதவித்தொகை. மொழியும் ஒன்றே. அமெரிக்கா என்றால் முதலில் கோப்பு தயாரிக்கும் மையம், பிறகு குடிவரவுத் துறை அதிகாரியின் நேர்காணல், பாதுகாப்புச் சோதனைகள், மருத்துவப் பரிசோதனை, கடைசியில் தாய்லாந்து அரசின் வெளியேறும் அனுமதி. இதில் ஏதாவது ஒன்று தாமதமானாலும் மருத்துவச் சான்றும் பாதுகாப்புச் சோதனையும் காலாவதியாகி மறுபடி எடுக்கவேண்டிவரும். ஓர் ஆண்டு, சிலருக்கு அதற்கும் மேல், நெருக்கடியான தடுப்பறையில் தரையில் படுத்துக் காத்திருக்கவேண்டும். தன்னோடு ஆறு கடந்து வந்தவர் மூன்றாம் மாதம் சியோல் போய்ச் சேர்ந்துவிட்டதைப் பார்த்துக்கொண்டே இருப்பவர் மனம் மாறினால் அவரைக் குறைசொல்ல முடியாது. பலர் அப்படித்தான் பாதியில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

எங்கள் கணிப்பில் சட்டம் வாசலைத் திறந்தது சரி. வாசலுக்கு வரும் பாதையின் நீளத்தைக் குறைக்க யாரும் கவலைப்படவில்லை, பிழை அங்கே இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு எல்லையே இறுகிவிட்டது. தென் கொரியாவுக்கு 2009-இல் 2,914 பேர் வந்தார்கள். 2021-இல் 63 பேர். 2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகள் அனுமதியையே நிறுத்திவைத்தது.

வட கொரியர் சட்டப்படி தென் கொரியக் குடிமகன் என்றால், அமெரிக்கா எப்படி அவரை அகதியாக ஏற்கும்? (சட்டக் கல்லூரி மாணவர், சென்னை)

நுட்பமான கேள்வி. தென் கொரிய அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவு கொரியத் தீபகற்பம் முழுவதையும் தன் நிலப்பரப்பு என்கிறது. அதன்படி வட கொரியர் எல்லோரும் பிறப்பிலேயே தென் கொரியக் குடிமக்கள். போக ஒரு பாதுகாப்பான நாடு இருப்பவரை அகதி என்று ஏற்பதில்லை. 2004-க்கு முன் இந்த முடிச்சில்தான் விண்ணப்பங்கள் சிக்கின.

சட்டத்தின் 302-ஆம் பிரிவு அதை அவிழ்த்தது. தென் கொரிய அரசியலமைப்பின்படி ஒருவருக்கு இருக்கக்கூடிய குடியுரிமையைக் காட்டி அவரை அகதி நிலைக்கோ தஞ்சத்துக்கோ தகுதியற்றவர் என்று தள்ளக்கூடாது என்றது.

இருக்கக்கூடிய உரிமைக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. சியோல் போய்க் குடியுரிமையை வாங்கியே விட்டவருக்கு இது பொருந்தாது என்று அமெரிக்கக் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2007-இல் தீர்ப்பளித்தது. முதலில் தென் கொரியா போய்ச் சில ஆண்டு இருந்துவிட்டு அங்கே பாகுபாட்டால் மனம் நொந்து அமெரிக்கா வந்து தஞ்சம் கேட்டவர்கள் இதில் மாட்டிக்கொண்டார்கள். பாங்காக் தடுப்பறையில் எடுக்கும் அந்த ஒரு முடிவைப் பிறகு திருத்த முடியாது. இதை அங்கேயே அவர்களுக்கு எடுத்துச்சொல்ல ஒரு வழக்கறிஞர் இருந்தாலே பெரிய உதவி.

மனித உரிமை என்று நிபந்தனை போட்டு உணவு உதவியைக் குறைப்பது ஏழைகளைப் பட்டினி போடுவதாகாதா? (இல்லத்தரசி, பாளையங்கோட்டை)

உங்கள் கோபம் நியாயமானது. 1990-களின் பஞ்சத்தில் அங்கே லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். அதனால்தான் சட்டத்தின் சொற்களைக் கவனமாகப் படிக்கவேண்டும். உணவை நிறுத்து என்று 2004 சட்டம் சொல்லவில்லை. இப்போதுள்ள அளவுக்கு மேல் பெருமளவு கூட்டுவதானால், யாருக்குப் போகிறது என்று பார்க்க அனுமதி இருக்கவேண்டும் என்பது அதன் கருத்து.

ஏன் அப்படி? ரேஷன் அங்கே ஆளின் அரசியல் தரத்தைப் பார்த்துத் தரப்படுகிறது. கண்காணிப்பாளர் போகமுடியாத மாவட்டத்துக்கு மூட்டை போனதா, ராணுவக் கிடங்குக்குப் போனதா என்று தெரியாது. 2008-இல் அமெரிக்கா 5 லட்சம் டன் தர ஒப்புக்கொண்டது. 4 லட்சம் உலக உணவுத் திட்டம் வழியாக, 1 லட்சம் தொண்டு நிறுவனங்கள் வழியாக. கொரிய மொழி பேசும் கண்காணிப்பாளர்களை விடுவதில் தகராறு வந்தது. 2009 மார்ச்சில் வட கொரியாவே போதும் என்று சொல்லித் தொண்டு நிறுவனத்தாரை வெளியேற்றியது. அதுவரை போனது ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் டன்தான்.

மொழி தெரிந்த ஒருவர் சந்தையில் நின்று 'இந்த மாதம் உங்களுக்கு எவ்வளவு கிடைத்தது?' என்று கேட்க முடியுமா என்பதுதான் எல்லாப் பேச்சுவார்த்தையும் முட்டி நின்ற இடம். நிபந்தனை வேண்டும் என்பதே எங்கள் நிலை. ஆனால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போகும் சத்துணவை அதில் சேர்க்கக்கூடாது.

சிறப்புத் தூதர் என்பவர் என்ன செய்வார்? (வாசகர், சேலம்)

அகதிகளை ஏற்கும்படி அக்கம்பக்கத்து நாடுகளோடு பேசுவார். பேச்சுவார்த்தை மேசையில் அணு ஆயுதம் மட்டுமே இடம்பிடிக்காமல் பார்த்துக்கொள்வார், சிறைபிடிக்கப்பட்டவர்களுக்காகப் போய்ப் பேசுவார். முதல் தூதர் ஜே லெஃப்கோவிட்ஸ் 2005-இல் பகுதிநேரமாக வந்தார். வேலை ஓடவில்லை. அதனால் 2008 நீட்டிப்பில், செனட் ஒப்புதலுடன் தூதர் தகுதியுள்ள பதவியாக்கினார்கள். 2009 முதல் 2017 ஜனவரி வரை இருந்த ராபர்ட் கிங் 2011-இல் பியோங்யாங் போய், கைதான அமெரிக்கர் ஒருவரை அழைத்துவந்தார். அவருக்குப் பிறகு 2023 அக்டோபரில் ஜூலி டர்னர் பொறுப்பேற்கும் வரை ஆறரை ஆண்டுக்கு மேல் நாற்காலி காலி. நியமிக்கவேண்டும் என்பது கட்டளைதான். எத்தனை நாளுக்குள் என்று எழுதத் தவறிவிட்டார்கள்.

உடன்பிறந்த தென் கொரியா ஏன் இப்படிச் சட்டம் போடவில்லை? (வாசகி, புதுச்சேரி)

போட்டது, பதினோரு ஆண்டு இழுத்தடித்து. முதல் மசோதா 2005-இல் வந்தது. நிறைவேறியது 2016 மார்ச்சில். நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு செப்டம்பர் 4-இல். வடக்கைச் சீண்டினால் பேச்சுவார்த்தையும் பிரிந்த குடும்பங்களின் சந்திப்பும் கெடும் என்று ஒரு தரப்பு. பேசாமல் இருப்பது துரோகம் என்று மறுதரப்பு. இரு பக்கமும் மனசாட்சியோடு பேசியவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாகவேண்டும்.

ஆனால் சட்டத்தின் இதயமான வட கொரிய மனித உரிமை அறக்கட்டளை தொடங்கப்படவே இல்லை. அதன் வாரியத்தில் 12 பேர். 2 பேரை ஒருங்கிணைப்பு அமைச்சர் (வட கொரியா விவகாரங்களைக் கவனிக்கும் தென் கொரிய அமைச்சர்) பரிந்துரைக்கவேண்டும், மீதியை ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் பாதிப்பாதி. ஒரு கட்சி பெயர் கொடுக்காமல் இருந்தாலே போதும், வாரியம் அமையாது. அப்படித்தான் நின்றுபோனது. இரு தரப்பும் ஒத்துழைக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுதிய வரி அது. பெயர் வராவிட்டால் என்ன செய்வது என்று அடுத்த வரி எழுதவில்லை.

ஜப்பானின் சட்டம் 2006 ஜூனில் வந்தது. அது பெரும்பாலும் வட கொரியா கடத்திச்சென்ற ஜப்பானியர் பற்றியது. அரசுக் கணக்கில் 17 பேர். 2002 அக்டோபரில் திரும்பியவர்கள் 5 பேர். ஆண்டுதோறும் டிசம்பர் 10 முதல் 16 வரை விழிப்புணர்வு வாரம் நடத்த அந்தச் சட்டம் சொல்கிறது.

எங்கள் அமெரிக்க பையர் 'வட கொரியத் தொழிலாளர் இல்லை, சின்ஜியாங் பருத்தி இல்லை' என்று கையெழுத்துக் கேட்கிறார். திருப்பூரில் இருக்கும் எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? (பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்)

நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. வட கொரியா தன் குடிமக்களைச் சீனா, ரஷ்யா முதலிய நாடுகளின் ஆலைகளுக்கு அனுப்பிக் கூலியில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் 2017 ஆகஸ்ட் தடைச் சட்டத்தின் 321-ஆம் பிரிவுப்படி, உலகில் எங்கே செய்தாலும், எந்தக் கட்டத்திலும் வட கொரியர் உழைப்பு கலந்த பொருள் கட்டாய உழைப்பில் செய்தது என்றே கொள்ளப்படும். இல்லையென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு இறக்குமதி செய்பவருக்கு. சீனாவின் சின்ஜியாங் பகுதிக்கு இதே மாதிரிச் சட்டம் 2021 டிசம்பரில் கையெழுத்தாகி 2022 ஜூன் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. பருத்தி அதில் முன்னுரிமைப் பொருள்.

வெறும் கையெழுத்து உங்களைக் காப்பாற்றாது. சரக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டால் பையருக்கு இரண்டு வழி. 'இதில் சின்ஜியாங் பொருளே இல்லை' என்று காட்டுவது ஒன்று. 'சின்ஜியாங் பொருள்தான், ஆனால் கட்டாய உழைப்பு இல்லை' என்று காட்டுவது மற்றொன்று. இரண்டாவதற்குத் தெள்ளத்தெளிவான ஆதாரம் வேண்டும், கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆகவே முதல் வழிக்கான கோப்பை நீங்கள் தயாராக வைத்திருக்கவேண்டும்: பஞ்சு பேல் எண், ஜின்னிங் ஆலை ரசீது, ஸ்பின்னிங் மில்லின் நூல் லாட் எண், நிட்டிங், டையிங் ஜாப் ஒர்க் சலான், கட்டிங் ரிப்போர்ட், பேக்கிங் லிஸ்ட். இவை ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சங்கிலியாக ஓடவேண்டும்.

சங்கிலி அறுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். மில்லில் பல நாட்டுப் பஞ்சைக் கலந்து நூற்கும்போது. டையிங்கில் இரண்டு ஆர்டர் துணியை ஒரே தொட்டியில் போட்டு ஒரே சலானில் எழுதும்போது. பிறகு சீனாவிலிருந்து வரும் ஜிப், லேஸ், எலாஸ்டிக், தையல் நூல் போன்ற சில்லறைச் சாமான்கள், இவற்றை யாரும் கணக்கில் வைப்பதில்லை. எடையும் ஒத்துப்போகவேண்டும். 1,000 கிலோ நூலில் 1,300 கிலோ துணி என்று கோப்பு காட்டினால் அதிகாரி அங்கேயே நிறுத்திவிடுவார்.

நம் பக்கத்து இலங்கைக்கு இப்படி ஒரு சட்டம் எந்த நாட்டிலாவது உண்டா? (வாசகர், ராமநாதபுரம்)

வட கொரியாவுக்கு இருப்பது போல அந்நாட்டுக்கென்றே ஒரு முழுச் சட்டம் அமெரிக்காவிலும் இல்லை, இந்தியாவிலும் இல்லை. பொதுச் சட்டங்களைக் கொண்டு தனிநபர்கள் மீது நடவடிக்கை வந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் அப்போதைய இலங்கை ராணுவத் தளபதி ஷவேந்திர சில்வாவுக்கு அமெரிக்கா நுழைவுத் தடை விதித்தது. 2023 ஜனவரியில் கனடா, மகிந்த, கோத்தபாய ராஜபக்ச உட்பட நால்வர் மீது தடை போட்டது. 2025 மார்ச்சில் பிரிட்டன் நால்வர் மீது. கனடா நாடாளுமன்றம் 2022-இல் மே 18-ஐத் தமிழர் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது தீர்மானம்தான், சட்டமல்ல. சட்டத்துக்கு இருக்கும் கட்டாயம் தீர்மானத்துக்கு இல்லை. ஆனால் நாடாளுமன்றக் குறிப்பில் அந்தச் சொல் ஏறியதை இனி யாரும் அழிக்கமுடியாது.

தப்பிவந்தவர்களின் வாக்குமூலங்களை எழுதி வைக்கிறார்களே, அதனால் யாருக்கு என்ன பயன்? (நூலகர், காரைக்குடி)

நூலகர் கேட்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம். 2013-இல் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஆஸ்திரேலிய முன்னாள் நீதிபதி மைக்கேல் கிர்பி தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. வட கொரியா உள்ளே விடவில்லை. குழு சியோல், தோக்கியோ, லண்டன், வாஷிங்டனில் பொது விசாரணை வைத்தது. 80-க்கு மேற்பட்டோர் வெளிப்படையாகவும், 240-க்கு மேற்பட்டோர் ரகசியமாகவும் சாட்சி சொன்னார்கள். 2014 பிப்ரவரியில் வந்த அறிக்கை 80,000 முதல் 1,20,000 பேர் வரை அரசியல் கைதிகள் முகாம்களில் இருப்பதாகக் கணித்தது. தாத்தா செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்குப் பேரன் அங்கேயே பிறந்து வளரும் முகாம்கள் அவை. 2016 ஜூலையில் அமெரிக்கா கிம் ஜோங் உன் பெயரையே மனித உரிமை மீறலுக்காகத் தடைப் பட்டியலில் முதன்முறை சேர்த்ததும் இந்தச் சாட்சியங்களின் தொடர்ச்சிதான்.

தென் கொரியச் சட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பகுதியும் இதுவே. ஒருங்கிணைப்பு அமைச்சகத்தின் பதிவு மையம் புதிதாக வருபவர்களிடம் கேட்டு எழுதுகிறது. எந்தச் சிறை, எந்த மாதம், காவலரின் பெயர் அல்லது பட்டப்பெயர், எத்தனை படுக்கை, உடன் இருந்து இறந்தவர் யார், நீ கண்ணால் பார்த்ததா, கேள்விப்பட்டதா. கடைசிக் கேள்விதான் முக்கியம். பார்த்ததையும் கேட்டதையும் கலந்து எழுதினால் நாளை எந்த நீதிமன்றத்திலும் அது நிற்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூலப் பதிவுகள் நீதி அமைச்சகத்தின் காப்பகத்துக்குப் போகின்றன.  2023 மார்ச்சில் 508 பேரின் வாக்குமூலங்களைக் கொண்ட அறிக்கையை முதன்முறையாக வெளியிட்டார்கள்.

முன்மாதிரி ஜெர்மனி. பெர்லின் சுவர் எழுந்த 1961-இலேயே மேற்கு ஜெர்மனி சால்ஸ்கிட்டர் என்ற ஊரில் ஒரு பதிவகம் திறந்தது. எல்லையில் சுட்டவர், சிறையில் அடித்தவர் என்று கிழக்கு ஜெர்மனியில் நடந்ததை வந்தவர்களிடம் கேட்டு எழுதினார்கள். 1980-களில் இது வீண்செலவு என்று சில மாநில அரசுகள் பணம் தருவதை நிறுத்தின. இருந்தும் 40,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. 1989-இல் சுவர் விழுந்தது. எல்லைக் காவலர்கள் மீது வழக்குப் போட்ட அரசு வழக்கறிஞர்கள் தேடிப்போனது சால்ஸ்கிட்டர் கோப்புகளைத்தான். சிறைக் கொடுமைக்கு ஆளானவர்கள் நிவாரணம் கேட்டு வந்தபோதும் அதே கோப்புகளை எடுத்துப் பார்த்தார்கள்.